‘என்னைப் போல் இன்னொருவன்’: திரைப்படம் சொல்வதும் மருத்துவம் சொல்வதும்

அறுவை அரங்கில் ஒருவர் கிடத்தப்பட்டிருக்கிறார். கார் விபத்தில் படுகாயமுற்றவர். சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே அவருடைய இதயம் நின்றுவிடுகிறது. மருத்துவர்கள் விரைந்து செயற்பட்டு அதனை மீண்டும் இயங்கச் செய்கின்றனர். அப்போது, இதயத்துடிப்பைக் காட்டும் மானிட்டரில் ஒரு கணம் ஒன்றுக்கு இரண்டாகத் துடிப்புகள் தோன்றுகின்றன. அங்கிருப்போர் திகைக்கின்றனர். பின்னர் ஒரே துடிப்பு நிலைக்கிறது, நோயாளி பிழைத்துக்கொள்கிறார்.

1970ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி மேன் ஹூ ஹான்டட் ஹிம்செல்ஃப்’ என்னும் பிரித்தானிய உளவியல் திகில் படத்தின் தொடக்கம் இது. பிழைத்தெழுந்தவர் ஒருவரல்லர், இருவர் என்பதே அதன் கதைக்கரு.

நோயாளருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் உரிய இம்மடலில் ஒரு திகில் படத்திற்கு என்ன வேலை என்று வாசகர் வினவலாம். காரணம் உண்டு. “இவர் என் கணவர் அல்லர், அவரைப் போலவே வேடமிட்டு வந்தவர்” என்று ஒரு மூதாட்டி கூறுவதையும், “என் பக்கத்தில் இன்னொரு நான் படுத்திருக்கிறேன்” என்று ஒரு நோயாளர் நடுங்குவதையும் மருத்துவமனைகள் அறியும். அவ்வேளையில் உறவினர் அடையும் அதிர்ச்சியும் மனவருத்தமும் சொல்லில் அடங்கா. இது பேயன்று, நடிப்பன்று, அன்பு வற்றிப்போனதும் அன்று. மூளையின் செயற்பாட்டில் ஏற்பட்ட ஒரு கோளாற்றின் அறிகுறி. அதனை விளக்குவதற்கு இந்தப் படம் ஒரு நல்ல வாயிலாக அமைகிறது.

படத்தின் கதை

கதையின் முடிவையும் இங்கே கூற வேண்டியுள்ளது. படத்தை இனிமேல் காண விரும்புவோர் இப்பகுதியைக் கடந்து செல்லலாம்.

படத்தை இயக்கியவர் பேசில் டியர்டன். ஆந்தனி ஆம்ஸ்ட்ராங் என்னும் எழுத்தாளரின் கதையைத் தழுவியது அது. அதே கதையை 1955இல் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் தம் தொலைக்காட்சித் தொடருக்காக இயக்கியிருந்தார். பின்னாளில் ஜேம்ஸ் பாண்டாகப் புகழ்பெற்ற ரோஜர் மூர், 1970ஆம் ஆண்டுப் படத்தில் ஹெரால்ட் பெல்ஹாம் என்னும் தலைமைப் பாத்திரத்தை ஏற்றிருந்தார்.

பெல்ஹாம் லண்டனில் ஒரு நிறுவனத்தின் இயக்குநர். உடை, பேச்சு, வேலை, வீடு அனைத்திலும் ஒழுங்கு தவறாதவர். ஒரு நாள் காரில் வீடு திரும்புகையில், எவரோ உள்ளிருந்து ஏவியதுபோல் இருக்கைப் பட்டையைக் கழற்றிவிட்டுக் கண்மண் தெரியாத வேகத்தில் ஓட்டுகிறார், விபத்து நேர்கிறது. மேலே கூறிய அறுவை அரங்கக் காட்சி அதன்பின் வருவது.

உடல் தேறிப் பணிக்குத் திரும்பியதும் புதுமையான தொல்லை தொடங்குகிறது. அவர் செல்லாத இடத்தில் அவரைக் கண்டதாக நண்பர்கள் கூறுகின்றனர். அவர் பேசாத பேச்சைப் பேசியதாகச் சக அலுவலர்கள் சாதிக்கின்றனர். தம்மோடு உறவு இல்லாத ஒரு பெண் தம்மைக் காதலராகவே நடத்துவதைக் கண்டு திகைக்கிறார். நிறுவன இணைப்பு ஒன்றில் தாம் எதிர்த்த தரப்பைத் தாமே ஆதரித்ததாக அறிகிறார். மனநல மருத்துவரை நாடுகிறார். இறுக்கிக் கட்டிய வாழ்க்கைமுறையே துன்பத்திற்குக் காரணம், சற்றுத் தளர்ந்து வாழுங்கள் என்பது அவருக்குக் கிடைக்கும் அறிவுரை. அதனை ஏற்று, வழக்கமற்ற உடையில் வீடு திரும்பும் பெல்ஹாம் அங்கே தம்மைப் போலவே இருக்கும் ஒருவனைக் காண்கிறார். மனைவியும் மற்றோரும் அவனையே மெய்யான பெல்ஹாம் என நம்புகின்றனர். அறுவை மேசையில் நீ இறந்தபோது வெளிவந்தவன் நான் என்று அந்த நகல் கூறுகிறான். இறுதியில் பெல்ஹாமின் கார் ஆற்றில் பாய்கிறது, நகல் நிலைத்துவிடுகிறான்.

தமக்கு ஒரு நகல் இருப்பதைக் காட்டிலும், தம் வீட்டாரே தம்மை நம்பாமற்போவதே பெல்ஹாமின் பெருந்துயரம். இதனை நினைவில் வைத்துக்கொள்வோம். மருத்துவமனையில் நாம் காணும் துயரம் இதன் தலைகீழ் வடிவமாகும். அங்கே நோயாளரே தம் வீட்டாரை நம்பாமற்போகிறார்.

மானிட்டரில் இரண்டு துடிப்புகள் தோன்றுமா?

முதலில் ஒரு சிறு ஐயத்தைத் தீர்த்துவிடுவோம். ஓர் உடலில் இரண்டு இதயத்துடிப்புகள் பதிவாகும் நிலை உண்மையிலேயே உண்டு. பழுதுற்ற இதயத்தை அகற்றாமல், கொடையாகப் பெற்ற இதயத்தை அதனருகிலேயே பொருத்தும் அறுவைச் சிகிச்சையைத் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்டு 1974இல் செய்தார். அவ்வகை நோயாளரின் இ.சி.ஜி.யில் இரு இதயங்களின் துடிப்பும் தனித்தனியே தெரியும். இன்று அம்முறை அரிதாகவே கையாளப்படுகிறது.

வார்டில் மானிட்டரில் காட்டும் எண் திடீரென இரட்டிப்பானால், பெரும்பாலும் அது கருவியின் கணக்குப் பிழையாக இருக்கும். இ.சி.ஜி. அலையின் ஒரு பகுதி உயரமாக இருப்பின், கருவி அதனையும் ஒரு துடிப்பாக எண்ணிவிடுவதுண்டு. நோயாளர் அசைவதாலும், நெஞ்சில் ஒட்டிய மின்முனை தளர்வதாலும் பிழை நேரும். ஆயினும் அது பிழைதானா என்று முடிவுசெய்வது செவிலியர், மருத்துவர் பணி. எண் மாறினால் அவர்களை அழையுங்கள்.

மருத்துவம் அறிந்த ‘நகல்கள்’

படத்தின் நகலை எல்லோரும் காண்கின்றனர். அவனோடு பேசுகின்றனர், கைகுலுக்குகின்றனர். நோயில் தோன்றும் நகல் அவ்வாறன்று. அது நோயாளரின் அனுபவத்தில் மட்டுமே உள்ளது. அதன் வடிவங்கள் சில:

முதலாவது, தமக்கு நெருங்கிய ஒருவர் மாற்றப்பட்டுவிட்டார், அவரைப் போலவே இருக்கும் போலி ஒருவர் வந்துள்ளார் என்னும் உறுதியான நம்பிக்கை. பிரான்சு நாட்டு மனநல மருத்துவர் ஜோசஃப் காப்கிராவும் அவருடைய உடன்பணியாளரும் 1923இல் இதனை விரிவாகப் பதிவுசெய்தனர். தம் கணவரும் பிள்ளைகளும் போலிகளால் மாற்றப்பட்டுவிட்டதாக நம்பிய ஒரு பெண்மணியே அவர்களுடைய நோயாளர். காப்கிராவின் பெயராலேயே இந்நிலை இன்றும் வழங்குகிறது.

இரண்டாவது, தம்மைப் போலவே இன்னொருவர் உலவித் தம் பெயரில் செயற்படுகிறார் என்னும் நம்பிக்கை. பெல்ஹாமின் கதைக்கு மிக அண்மையில் நிற்பது இது.

மூன்றாவது, தம் உருவத்தையே தமக்கு வெளியே காணுதல், அல்லது அருகில் ஒருவர் இருப்பதாக உணர்தல்.

நான்காவது, கண்ணாடியில் தெரியும் தம் உருவத்தை அயலார் ஒருவராகக் கருதுதல். மறதிநோய் முற்றிய முதியோரிடம் இதனைக் காணலாம். கண்ணாடியில் உள்ள ‘அந்த ஆள்’ தம்மை விடாமல் பார்க்கிறார் என்று அவர்கள் அஞ்சுவர்; சிலர் அவரோடு உரையாடவும் செய்வர்.

படமன்று, உண்மையில் நிகழ்ந்தது

பெல்ஹாமைப் போலவே கார் விபத்தில் சிக்கிய ஓர் இளைஞரின் வரலாறு மருத்துவ உலகில் நன்கு அறியப்பட்டது. அவரை ஆராய்ந்தவர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவின் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன். வில்லியம் ஹிர்ஸ்டைன் என்பவரோடு சேர்ந்து 1997இல் அவர் இதனை வெளியிட்டார்.

தலையில் பலத்த அடிபட்டு, சில வாரங்கள் நினைவிழந்து கிடந்த அந்த இளைஞர் மெல்லத் தேறினார். பேச்சு, நினைவாற்றல், அறிவுத்திறன் ஆகியவை பெரும்பாலும் திரும்பின. ஆனால் தம்மைக் கவனித்துக்கொண்ட தாயையும் தந்தையையும் காணும்போதெல்லாம், இவர்கள் என் பெற்றோரைப் போலவே உள்ளனர், ஆனால் அவர்கள் அல்லர் என்று கூறினார். வியப்பு என்னவெனில், அதே பெற்றோர் தொலைபேசியில் பேசினால் உடனே அடையாளம் கண்டு இயல்பாக உரையாடினார். கண்ணால் கண்டபோது போலியாகத் தோன்றியவர், குரலைக் கேட்டபோது உண்மையானவராகவே தோன்றினார்.

தம்முடைய பழைய ஒளிப்படத்தைக் கண்டபோது, இது என்னைப் போன்ற வேறொருவர் என்றும் அவர் கூறியதுண்டு. உண்மையான மகன் ஒருநாள் திரும்பி வந்துவிட்டால், அப்போதும் தம்மிடம் அன்போடு இருப்பாரா என்று ஒருமுறை தம் தாயிடமே கேட்டாராம். இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். தாயைப் போலி என்று சொன்ன அதே மகன், அத்தாயின் அன்பை இழந்துவிடக் கூடாதென்று அஞ்சினார். நோய் அன்பை அழிக்கவில்லை. அன்பை அடையாளம் காணும் வழியைத்தான் அடைத்தது.

முகத்தை அறிவது வேறு, உறவை உணர்வது வேறு

இதற்கு அறிஞர் கூறும் விளக்கம் எளிமையானது. நாம் ஒரு முகத்தைக் காணும்போது மூளையில் இரண்டு பணிகள் ஏறத்தாழ ஒரே வேளையில் நடைபெறுகின்றன. ஒன்று, இம்முகம் யாருடையது என்று கண்டறிதல். மற்றொன்று, அம்முகத்தோடு நமக்குள்ள நெருக்கத்தை உணர்வாக எழுப்புதல். தாயைக் கண்டதும் ‘இவர் என் தாய்’ என்ற அறிவும், நெஞ்சில் ஓர் இதமும் கூடியே வருகின்றன. இவை ஒன்றாகவே வருவதால், இரண்டு பணிகள் என்பதே நமக்குத் தெரிவதில்லை.

அந்த உணர்வை அளக்கவும் முடியும். நமக்கு நெருங்கியவரின் முகத்தைக் கண்டதும் உள்ளங்கையில் மிக நுண்ணிய அளவில் வியர்வை சுரக்கிறது. தோலின் மின்கடத்தும் தன்மை அதனால் மாறுகிறது. காப்கிரா நிலையில் உள்ளோரிடம் இச்சோதனையைச் செய்தபோது, அறிந்த முகத்திற்கும் அறியாத முகத்திற்கும் அவர்களுடைய உடல் வேறுபாடு காட்டவில்லை. கண் ‘இது தாயின் முகம்’ என்கிறது. உடலோ ‘இவர் எனக்கு யாரோ’ என்கிறது. இந்த முரண்பாட்டைச் சமன்செய்ய மூளை தேடிக்கொள்ளும் விடையே ‘இவர் போலி’ என்பது. குரல் மூளைக்குள் வேறு வழியாகச் செல்வதால், தொலைபேசியில் அந்த முரண்பாடு எழவில்லை.

ஆனால் உணர்வு குன்றிய அனைவரும் இப்படி நம்புவதில்லை. ‘இது நடக்கக்கூடியதா?’ என்று சரிபார்க்கும் ஆற்றலும் உடன் தளர்ந்தால்தான் அந்த எண்ணம் அசைக்க முடியாத நம்பிக்கையாகிறது என்பது அறிஞர் பலரின் கருத்து. ஆகவேதான் நாம் அடுக்கும் சான்றுகள் பயன் தருவதில்லை. அடையாள அட்டையைக் காட்டினாலும், பழைய நிகழ்ச்சிகளைச் சொன்னாலும், “நன்றாகப் பயிற்சி பெற்று வந்திருக்கிறீர்கள்” என்ற மறுமொழியே கிடைக்கலாம்.

தன்னையே வெளியே காணுதல்

கண்கள் வழியே உலகைக் காண்பவன் நான், இவ்வுடல் என்னுடையது, நான் இருப்பது இவ்விடம் என்னும் உணர்வையும் மூளையே இடையறாது கட்டியமைக்கிறது. காதுக்குச் சற்று மேலே, மூளையின் பொட்டு மடலும் உச்சி மடலும் சந்திக்கும் பகுதிக்கு இதில் முதன்மையான பங்குண்டு.

சுவிட்சர்லாந்தில் ஓலாஃப் பிளாங்கே என்பவரின் குழுவினர் வலிப்புநோய் அறுவைக்கு முன்பான ஆய்வின்போது, ஓர் இளம்பெண்ணின் மூளையில் இடப்பக்கம் உள்ள அப்பகுதியை மென்மையான மின்தூண்டலுக்கு உட்படுத்தினர். தமக்குப் பின்னால் நிழல்போல் ஒருவர் இருப்பதாக அப்பெண் உணர்ந்தார். அவர் படுத்தால் நிழலும் படுத்தது. அமர்ந்தால் அதுவும் அமர்ந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு அமர்ந்தபோது அந்நிழல் தம்மை அணைத்துக்கொள்வதாக உணர்ந்து அருவருப்புற்றார். மின்தூண்டலை நிறுத்தியதும் நிழலும் மறைந்தது. இவ்வாய்வு 2006இல் வெளியிடப்பட்டது. அமானுடமானது என்று நாம் அஞ்சும் ஒன்றை மூளையின் ஒரு சிறு பகுதியே தோற்றுவிக்க முடியும் என்பதை அது காட்டியது.

இத்தகைய அனுபவம் வலிப்புநோயிலும், சிலவேளை கடும் ஒற்றைத் தலைவலியிலும் தோன்றலாம். அது எவ்வளவு ஆபத்தாக முடியக்கூடும் என்பதற்கு 1994இல் வெளியான ஒரு பதிவு சான்றாகும். வலிப்புநோய் உள்ள ஓர் இளைஞர் மாத்திரையை ஓரளவு நிறுத்திவிட்டு, மதுவும் அருந்தினார். மறுநாள் தம் உடலே படுக்கையில் கிடப்பதை வெளியே நின்று காண்பவராகத் தம்மை உணர்ந்தார். இருவரில் தாம் யார் என்பது விளங்காத அச்சம் தாங்கவொண்ணாததாகி, சன்னல் வழியே குதித்துவிட்டார். நற்பேறாக உயிர்பிழைத்தார், அவருடைய மூளையில் ஒரு கட்டி இருந்ததும் கண்டறியப்பட்டது. வலிப்புநோய் மாத்திரைகளைத் தாமாக நிறுத்தலாகாது என்று மருத்துவர்கள் வலியுறுத்துவதற்கு இதுபோன்ற நிகழ்ச்சிகளும் காரணம்.

எந்நோய்களில் இவை தோன்றும்?

மனச்சிதைவு நோய், கடும் மனச்சோர்வு போன்ற மனநோய்களில் இவை தோன்றலாம். மறதிநோய்களிலும் தோன்றும், குறிப்பாக, ‘லூயி பாடி’ எனப்படும் வகையில் போலி எனக் கருதும் நம்பிக்கையும், இல்லாத உருவங்களைக் காணுதலும் மிகுதி. பார்க்கின்சன் நோயாளர் சிலர் அருகில் எவரோ நிற்பதாக உணர்வதுண்டு. தலைக்காயம், பக்கவாதம், மூளைக்கட்டி, வலிப்பு ஆகியனவும் காரணமாகலாம்.

மருத்துவமனையில் தங்கியிருப்போரிடம் முதலில் ஐயுற வேண்டியது ‘டெலிரியம்’ எனப்படும் திடீர்க் குழப்பநிலை. முதியோரிடம், குறிப்பாகப் பெரிய அறுவைக்குப் பின்னும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும், இது அடிக்கடி நேர்கிறது. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று நேரம், இடம் அறியாமல் பேசுவார். காலையில் தெளிந்தவர்போல் தோன்றி, மாலையில் மீண்டும் குழம்புவார். மகளைச் செவிலியர் என்பார், செவிலியரைப் பகைவர் என்பார். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உடலில் உப்பு குறைதல், நீர் வற்றுதல், சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், தூக்கமின்மை, சில மருந்துகள், பழக்கமான மதுவைத் திடீரென நிறுத்துதல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றோ பலவோ அதற்குப் பின்னணியில் இருக்கும். காரணத்தைக் கண்டு நீக்கினால் பெரும்பாலோர் தெளிவடைவர். சிலருக்கு நாட்கள் போதும், சிலருக்கு வாரங்கள் ஆகும். அதனால் “வயதாகிவிட்டது, அப்படித்தான் பேசுவார்” என்று விட்டுவிடுதல் பெருந்தவறு. பேச்சில் திடீர் மாற்றம் என்பது காய்ச்சலைப் போன்றதோர் அறிகுறி. அன்றே தெரிவிக்க வேண்டியது.

குடும்பத்தார் செய்யத் தக்கவை

வாதிடாதீர்கள், உடன்படவும் வேண்டாம். “நான்தான் உங்கள் மகன், எப்படி மறந்தீர்கள்?” என்று மன்றாடினால் அச்சம் கூடும். “ஆம், நான் வேறு ஆள்தான்” என்று ஒப்புக்கொண்டாலும் தீங்கே. “உங்களுக்குப் பயமாக இருக்கிறது என்று புரிகிறது. இங்கே உங்களுக்கு ஒன்றும் நேராது. நான் கூடவே இருக்கிறேன்” என்று அமைதியாகக் கூறுங்கள். சொல்லப்படும் செய்தியை விட்டுவிட்டு அதன் பின்னுள்ள அச்சத்திற்கு விடை கொடுங்கள்.

குரலை முன்னே அனுப்புங்கள். அறைக்குள் நுழையும் முன்பே பெயர் சொல்லிப் பேசிக்கொண்டு வருவது, முகத்தைப் போலி எனக் கருதும் சிலருக்கு உதவுகிறது. அவர் மிகவும் கலங்கினால் சிறிது நேரம் வெளியே சென்று, மீண்டும் வாருங்கள். அவர் போலி என்று கருதாத மற்றோர் உறவினர் அவ்வேளையில் உடனிருக்கலாம்.

கண்ணையும் காதையும் கவனியுங்கள். மூக்குக் கண்ணாடி, காதுகேட்கும் கருவி, பல்செட் ஆகியவற்றை வீட்டிலிருந்து கொண்டுவந்து அணிவியுங்கள். நாட்காட்டியும் கடிகாரமும் கண்ணில் படும்படி இருக்கட்டும். பகலில் வெளிச்சமும் இரவில் உறக்கமும் கிடைக்கட்டும். கண்ணாடியில் தெரியும் உருவம் அச்சுறுத்தினால் அதனைத் துணியால் மூடிவிடுங்கள்.

மறைக்காமல் சொல்லுங்கள். நோயாளர் வழக்கமாக உட்கொள்ளும் மாத்திரைகள், நாட்டு மருந்துகள், மதுப்பழக்கம் ஆகியவற்றை மருத்துவரிடம் முழுமையாகத் தெரிவியுங்கள். குடும்ப மானம் கருதி மதுப்பழக்கத்தை மறைப்பதால், தடுக்கக்கூடிய டெலிரியம் தடுக்கப்படாமற்போகிறது.

மருந்துக் கடையில் தாமாக மருந்து வாங்காதீர்கள். லூயி பாடி வகை மறதிநோயில் சில மனநோய் மருந்துகள் கடுமையான பக்கவிளைவுகளை உண்டாக்கும். உடலை இறுகச் செய்து, உயிருக்கே ஊறு விளைக்கவும் கூடும். எம்மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும்.

பாதுகாப்பை மறவாதீர்கள். தம் வீட்டில் போலி ஒருவர் நுழைந்துவிட்டார் என்று மெய்யாகவே நம்புபவர், தற்காப்பாக எண்ணித் தாக்கவும் கூடும். அச்சுறுத்தும் பேச்சு, கூரிய பொருளை மறைத்து வைத்தல், உணவில் நஞ்சு என்று மறுத்தல் ஆகியவை தென்பட்டால் காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். தம்மையே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தெரிந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். இந்திய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது; அவசர ஊர்திக்கு 108.

காத்து, கருப்பு, செய்வினை என்று எண்ணி அலைவதால் நாட்கள் வீணாகும். கோயிலுக்குச் சென்று வேண்டிக்கொள்வதை எந்த மருத்துவரும் தடுப்பதில்லை. ஆனால் தொற்றோ மூளைக்கட்டியோ காத்திருப்பதில்லை. அடித்தும் கட்டியும் ‘ஓட்டும்’ முறைகள் நோயாளருக்கு இழைக்கும் கொடுமையன்றி வேறல்ல.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்

நாற்பது ஆண்டுகள் உடன்வாழ்ந்தவர் ஒரு காலையில் “நீ யார்? என் மனைவி எங்கே?” என்று கேட்டால் எவர் நெஞ்சும் உடையும். பெரும்பாலும், மிக அருகில் இருந்து உணவூட்டி, உடை மாற்றி, இரவெல்லாம் விழித்திருப்பவரே போலி என்னும் பழிக்கு ஆளாகிறார். இது அநீதிபோல் தோன்றும். ஆனால் மேலே கூறிய விளக்கத்தை நினைவுகூருங்கள். முகத்தைக் கண்டதும் மிகுந்த இதம் எழவேண்டியது நெருங்கியவரிடத்தில்தான். அது எழாதபோது மிகுதியான வெறுமை தோன்றுவதும் அவரிடத்தில்தான். வழியில் காணும் அயலார்மீது அத்தகைய இதத்தை எவரும் எதிர்பார்ப்பதில்லை. ஆகவே அவர் போலியாகத் தோன்றுவதும் இல்லை. நீங்கள் போலி எனப்படுவது, அவருடைய உள்ளத்தில் உங்களுக்குத் தனி இடம் இருந்ததன் அடையாளம் என்றே கொள்ளுங்கள்.

அவ்வாறு எண்ணினாலும் வலி முற்றும் நீங்கிவிடாது என்பதை அறிவோம். உங்களுக்கும் ஓய்வு தேவை; மற்றோர் உறவினரிடம் ஒருநாள் பொறுப்பை ஒப்படைப்பதில் குற்றமில்லை. உங்கள் மனச்சுமையையும் மருத்துவரிடமோ செவிலியரிடமோ மருத்துவச் சமூகப் பணியாளரிடமோ கூறுங்கள்.

பெல்ஹாமைச் சுற்றியிருந்தோர் அனைவரும் எது சரி, எது பொய் என்று அவரோடு வழக்காடினர். “உனக்கு என்ன நேர்கிறது? அஞ்சுகிறாயா?” என்று அருகில் அமர்ந்து கேட்டவர் அரியர். படத்தின் முடிவை நம்மால் மாற்ற இயலாது. ஆனால் நம் வீட்டில், நம் வார்டில், அந்த வினாவை நம்மால் கேட்க இயலும். கேட்டபின் நோயாளர் சொன்னதை அப்படியே மருத்துவரிடம் வந்து சொல்லுங்கள். சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்குகிறது.